பிறந்தவர் எத்தனை பேர்?

1959இல் ஆத்தூர் பக்கம் ஒரு குழந்தை பிறந்தால், அது சர்க்காருக்குத் தெரியவர ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் யாராவது கிராம முன்சீப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். முன்சீப்பின் தலையாய வேலை வரி வசூல். பிறப்புக் கணக்கு விடுபட்டதற்காக அவரை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் அவசரம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட காலம் அது. பிறப்புச் சான்றிதழை எவரும் கேட்கவில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில். சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் வளைகாப்பு முடிந்ததும் நிலக்கோட்டைக்குப் போவாள். கைக்குழந்தையோடு திரும்பி வர மூன்று மாதம் ஆகலாம், ஐந்து மாதம் ஆகலாம். அந்தக் குழந்தை எந்த ஊர்க் கணக்கு? ‘அது சின்னாளப்பட்டிப் பிள்ளை’ என்று நிலக்கோட்டையில் விட்டுவிடுவார்கள். சின்னாளப்பட்டிக்கு அது வந்து சேரும்போது வருடம் மாறியிருக்கும். இரண்டு ஊரிலும் எழுதினால் ஒரு பிள்ளை இரண்டாகும். நடுவில் இறந்துபோனால் எந்த ஊரிலும் பிறக்கவே இல்லை என்றாகும். பேர் வைப்பதற்குள் போய்விட்ட பிள்ளையைப் பற்றி முன்சீப்பிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

பிறப்புக் கணக்கு இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் சின்னாளப்பட்டி பக்கத்துத் தொண்டு நிறுவனமான காந்திகிராமம் ஒரு காரியத்தில் இறங்கியது. மத்திய அரசு, சென்னை மாநில அரசு, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை ஆகிய மூன்றின் துணையோடு 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஆத்தூர் என்றதும் சேலத்துக்காரர்கள் தங்கள் ஊரை நினைத்துக்கொள்வார்கள். இது திண்டுக்கல் ஆத்தூர், காமராசர் அணை இருக்கிற ஆத்தூர். ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனம். நெசவாளர்கள், திராட்சையும் நெல்லும் போட்ட குடியானவர்கள், நிலமில்லாத கூலிக்காரர்கள், சேரிகள். ஓர் ஒன்றியத்து மக்களுக்கு அரசு தரக்கூடிய சுகாதார வசதியை எப்படித் தந்தால் அது உண்மையில் வீட்டு வாசல் வரை போய்ச் சேரும் என்பது கேள்வி. குடும்பக் கட்டுப்பாடும் அதோடு சேர்ந்துகொண்டது.

பின்னணியில் இருந்தவர் சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம், இளம் வயதிலேயே விதவை. மருத்துவரான கணவர் சாகும் முன் படி என்று சொல்லிவிட்டுப் போனாராம். டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றார். அங்கே சுசீலா நய்யாரின் நட்பு, அதன் வழியே காந்தியின் அறிமுகம். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். பெரிய பணக்கார வீட்டுப் பெண் 1947இல் சின்னாளப்பட்டி பக்கம் வந்து உட்கார்ந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியதைப் பற்றி அந்தக் கால மனிதர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தச் சிறு வைத்தியசாலைதான் பிறகு கஸ்தூரிபா மருத்துவமனை ஆனது. 1952இல் ஆத்தூரிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். கல்வி, வைத்தியம், குடும்பம் மூன்றையும் தனித்தனி இலாகாவாக அவர் நினைத்ததில்லை என்பது அவர் காந்திகிராமத்தில் கட்டிய கட்டடங்களை வரிசையாகப் பார்த்தாலே தெரியும்: ஆஸ்பத்திரி, ஆதாரப் பள்ளி, கைவிடப்பட்ட பெண்களுக்கான இல்லம், கிராமியப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சி நிறுவனம் 1964இல் வந்தது.

அந்தக் காலத்துக் கிராமச் சுகாதார ஏற்பாடு எப்படி இருந்தது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1946இல் வந்த, போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, உடனடித் தேவைக்கு என்று, ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி போதும் என்றது. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் இரண்டாயிரம் வீடு. ஒரு நாளைக்குப் பத்து வீடு பார்த்தால் இருநூறு வேலை நாள். ஒரு வீட்டுக்கு அவள் மறுபடி வரும்போது, போன தடவை ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தவளின் பிள்ளை தவழ்ந்துகொண்டிருக்கும், அல்லது இருக்காது. ஆயிரம் பேருக்கு 43 பிறப்பு என்ற அந்நாளைய வேகத்தில் அவளுடைய எல்லைக்குள் வருடத்துக்கு 430 பிரசவம். தினம் ஒன்றுக்கும் மேலே. இதில் அவள் நடந்தே போக வேண்டும் என்பதையும், ராத்திரி கூப்பிட்டால் துணைக்கு ஆள் வேண்டும் என்பதையும் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்று ஆனது சும்மா ஆகவில்லை.

ஆகவே எல்லா வீட்டுக்கும் நாமே போவது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு தெருவிலும் நல்லது கெட்டதுக்கு மற்றவர்கள் யாரிடம் யோசனை கேட்கிறார்களோ அவர்களை ஆத்தூர்த் திட்டத்தார் தேடிப் பிடித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவரும் பெரிய மனிதரும் இதில் சேர்த்தி இல்லை. ‘உங்க வீட்ல பிள்ளைக்கு முடியலைன்னா யார்கிட்டக் கேப்பீங்க?’ என்று கேட்டால் வருகிற பெயர் பெரும்பாலும் ஒரு வயசான அப்பத்தாவாகவோ, நாலு எழுத்துப் படித்த கடைக்காரராகவோ இருக்கும். அப்படிப்பட்டவர்களைக் கூட்டி, பயிற்சி தந்து, அவர்கள் வழியாகச் சேதியைக் கொண்டுபோனார்கள். இன்று இதைப் படிக்கும்போது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைய சென்னை மாநிலத்தில் நடப்பு வேறு: 1950களின் கடைசியில் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு முப்பது ரூபாய், ஆள் பிடித்து வருபவருக்குத் தனியாகக் காசு. தரகுக்காக ஆள் பிடிக்கும் இடத்தில் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது.

பத்து வருடத்துக்குள் ஆத்தூரில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 43இலிருந்து 28க்குப் பக்கத்தில் இறங்கியது. கே.ஏ. பிஷாரடியும் சக ஆய்வாளர்களும் 1972இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்கள். வெளிநாட்டு மக்கள்தொகை வட்டாரத்தில் ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயர் அடிபட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 43இல் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துப் பாருங்கள்: 28 சொச்சம் வருகிறது. அதாவது யாரும் எந்தக் கட்டுப்பாடும் செய்துகொள்ளாமல், மூன்று பிறப்பில் ஒன்றை எழுதாமல் விட்டாலே 43 என்பது காகிதத்தில் 28 ஆகிவிடும். முன்சீப் பதிவேட்டை நம்பியிருந்தால் ஆத்தூரின் வெற்றியையும் ஆத்தூரின் அசிரத்தையையும் பிரித்துச் சொல்லவே வழி இருந்திருக்காது. என்னைக் கேட்டால், காந்திகிராமத்தின் பெரிய சாதனை அறுவை எண்ணிக்கையில் இல்லை. திட்டம் தொடங்கும்போதே வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிறப்பையும் இறப்பையும் தாங்களே பதிவு செய்ய உட்கார்ந்தார்களே, அதில் இருக்கிறது. பலன் கேட்கும் அதிகாரிகளுக்கு இது வீண் செலவாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, நம்முடைய பதிவும் தப்பவிட்டால்? எத்தனை தப்பியது என்று தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஓர் அழகான விடை ஆத்தூருக்குப் பத்து வருடம் முன்பே கிடைத்திருந்தது. சி. சந்திரசேகரன் கல்கத்தாவின் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தில் புள்ளியியல் பேராசிரியர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் நடந்த பதிவை வைத்துக்கொண்டு 1949இல் எட்வர்ட்ஸ் டெமிங்கோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த டெமிங்தான் பின்னாளில் ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரத்தைக் கற்றுக்கொடுத்ததாகப் பேர் பெற்றவர்.

யோசனை இதுதான். ஒரே ஊரில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல், தனித்தனியாகப் பிறப்புக் கணக்கு எடுக்க வேண்டும். கற்பனைக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். முன்சீப்பின் பட்டியலில் 80 குழந்தைகள். வீடு வீடாகப் போன பெண்ணின் பட்டியலில் 90. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பார்த்தால் 72 குழந்தைகள் இரண்டிலும் இருக்கின்றன. அப்படியானால் அந்தப் பெண் கண்டுபிடித்த 90 பேரில் 72 பேரைத்தான் முன்சீப் பிடித்திருக்கிறார். அவருடைய வலையில் நூற்றுக்கு எண்பதுதான் விழும். எண்பது சதவீதம் பிடிக்கிற வலையில் 80 விழுந்திருக்கிறது என்றால் குளத்தில் இருந்தது 100. இரண்டு பட்டியலையும் கூட்டினால்கூட 98 பேர்தான். யார் கண்ணிலும் படாத இரண்டு குழந்தைகள் பெயரே இல்லாமல் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. 1960களில் பரிசோதனையாகத் தொடங்கி இன்று வரை நாட்டின் பிறப்பு இறப்பு விகிதங்களைச் சொல்கிற மாதிரிப் பதிவு முறையும் இந்த இரட்டைப் பதிவின் வாரிசுதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை, ஆயிரம் பிறப்பில் 13 சிசு மரணம் என்று 2020க்கு எண் சொன்னதும் அதுதான்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் தப்பவிடுவது தனித்தனிக் காரணத்தால் இருக்க வேண்டும். ஒரே வகைக் குழந்தையை இருவரிடமும் மறைத்தால் சூத்திரம் ஏமாந்துபோகும்.

அது வெறும் ஏட்டுக் கவலையாக இருக்கவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல், சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது 1980களின் நடுவில் பத்திரிகையில் வெளிப்பட்டது. சட்டத்துக்குப் பயந்து எந்த வீட்டிலும் யாரும் சொல்லப் போவதில்லை. என்றாலும் அந்தச் சாவுகள் ஓரிடத்தில் பதிவாகிக்கொண்டே இருந்தன. ஆரம்பச் சுகாதார நிலையப் பதிவேட்டில், மரணக் காரணம் என்ற கட்டத்தில், கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் எழுதி வைத்த இரண்டு சொற்கள்: ‘சமூகக் காரணம்’. வயிற்றுப்போக்கு, குறைமாதம், மூச்சுத்திணறல், சமூகக் காரணம். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வி.பி. ஆத்ரேயாவும் மாநிலம் முழுக்க இந்தப் பதிவேடுகளைத் தொகுத்து 1997இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் கொடுமை எந்தெந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று பேச முடிந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் ஆரம்பித்து, 2001இல் திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தது.

அந்தச் செவிலியரின் நிலையை நினைத்துப் பாருங்கள். போலீசுக்குச் சொன்னால் நாளைக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கதவைத் திறக்க மாட்டார்கள். அடுத்த கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட முடியாது. நிமோனியா என்று எழுதினால் மனசு கேட்காது. நடுவில் ஒரு சொல்லைக் கண்டுபிடித்து எழுதினார்கள். வெளியூரிலிருந்து கேள்வித்தாளோடு ஒரு வாரம் வந்து போகிறவருக்கு இது கிடைத்திருக்காது. மாதா மாதம் எடை பார்க்கவும் மாத்திரை தரவும் அதே வாசலுக்கு வந்தவளுக்கே அந்தக் குழந்தை இருந்ததும் தெரியும், இல்லாமல் போனதும் தெரியும்.

வெளியாள் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாபின் கன்னா ஆய்வு பேர்போன உதாரணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1950களில் நடத்தியது. கருத்தடை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜனங்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பிறப்பு மட்டும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. சில வருடம் கழித்து ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி அங்கிருந்த ஒரு கிராமத்துக்குப் போய் விசாரித்தபோது, ஒருவர் அந்த மாத்திரைப் பெட்டிகளை ஒட்டிச் செய்த சிற்பத்தை எடுத்துக் காட்டினாராம். வந்தவர்கள் நல்ல மனிதர்கள், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அதனால் வாங்கிக்கொண்டோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நிலத்தில் பாடுபடப் பிள்ளைகள் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மம்தானி தன் வாதத்தைச் சற்று அளவுக்கு மீறி இழுத்தார் என்பது என் எண்ணம். அந்தச் சிற்பத்தை மட்டும் மறக்க முடியாது.

கன்னா ஆய்வில் ஒரு நல்ல அம்சம் இருந்தது, ஆத்தூரில் இல்லாதது. மாத்திரை கொடுக்காத கிராமங்களையும் பக்கத்திலேயே வைத்துக் கணக்கெடுத்தார்கள். இரண்டிலும் பிறப்பு கிட்டத்தட்ட ஒரே அளவில் இறங்கியதால்தான், இறக்கத்துக்குக் காரணம் மாத்திரை இல்லை என்று அவர்களால் ஒப்புக்கொள்ள முடிந்தது. ஆத்தூரில் மொத்த ஒன்றியத்துக்கும் சேவை போனது. 43, 28 ஆனது உண்மை. திட்டமே நடக்காமல் இருந்திருந்தால் 35 ஆகியிருக்குமா, 40இல் நின்றிருக்குமா என்பதைச் சொல்ல ஒப்பீட்டுக்கு ஆள் இல்லை. அதே பத்தாண்டில் காமராசர் திறந்த பள்ளிகளும், 1956இல் வந்த மதிய உணவும், பம்ப் செட்டும், பஸ்ஸும், திண்டுக்கல் நூற்பாலைகளும் எல்லாமே வேலை செய்துகொண்டிருந்தன. 1961இல் சென்னை மாநிலத்தில் ஐந்தில் ஒரு பெண்ணுக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பெண்களின் மகள்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலமும் அதுவே. படித்த தாயின் பிள்ளை பிழைப்பது அதிகம் என்பதை ஜான் கால்டுவெல் 1979இல் நைஜீரியாவில் எண்களோடு காட்டினார். பிள்ளை பிழைக்கும் என்ற தைரியம் வந்தால் குறைவாகப் பெறுவார்கள் என்பதை எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லியிருப்பார்.

பக்கத்துக் கிராமத்துக்கு வேண்டுமென்றே சேவை தராமல் வைத்து ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். காந்திகிராமத்தில் இருந்தவர்களுக்கு அது மனசுக்கு ஒத்துவந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒப்பிட வேறு வழிகள் உண்டு. அதைத் தமிழ்நாடே அண்மையில் காட்டியது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் கொரோனாவுக்கு முன்பே, 2019இல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகளின் கணக்கு, தமிழ்த் திறனை அளந்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 19,000 குழந்தைகள். பள்ளிகள் மூடிக் கிடந்து, 2021 டிசம்பரில் மறுபடி போய் அதே சோதனையைக் கொடுத்தபோது பெரிய பள்ளம். தமிழைவிடக் கணக்கில் அடி பலம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூடியிருந்தது. தன்னுடைய சாயங்கால வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்விதான் காரணம் என்று அரசு மார்தட்டியிருக்கலாம். ஆய்வாளர்கள் சாயங்கால வகுப்புக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுச் சொன்னது: மீண்டதில் நான்கில் ஒரு பங்கு அந்தத் திட்டத்தால். மீதி, பள்ளிக்கூடம் திறந்ததாலேயே வந்தது. நான்கில் ஒரு பங்கு என்பது குறைவு என்று யாராவது நினைத்தால், ஊர்ப் பெண்கள் சொற்ப ஊக்கத்தொகைக்கு வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் எடுத்த வகுப்பு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்று ஆத்தூர் பக்கம் போனால் முன்சீப் இல்லை. அந்தப் பதவியே போய்விட்டது. பிரசவம் கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரியில். கர்ப்பம் தெரிந்த உடனே செவிலியர் கணினியில் ஓர் எண் போட்டுவிடுகிறார். தாய் வீடு நிலக்கோட்டை ஆனாலும் அந்த எண் கூடவே போகும், தலைப்பிரசவச் சிக்கல் தீர்ந்தது. அறுவையோ இப்போது முற்றிலும் பெண்கள் தலையில். ஆண்கள் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆத்தூர்த் திட்டத்தின் காலத்தில் மாநிலத்தில் கத்திக்குப் போனவர்களில் ஆண்களே அதிகம் என்றால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள்.

விடுபடுகிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். வேடசந்தூர் சாலையில் நூற்பாலை ஹாஸ்டல்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்களும் இளம் குடும்பங்களும் தங்கியிருக்கிறார்கள். செவிலியரின் பட்டியல் வீட்டுக் கதவு எண்ணை வைத்து எழுதுவது. ஹாஸ்டலுக்கு இருப்பது ஒரே கதவு, அதில் ஒரு வாட்ச்மேன். கூடவே வந்த பிள்ளை அங்கன்வாடியிலும் இல்லை, பள்ளி வருகைப் பதிவிலும் இல்லை. ஊரில் பெயர் இருக்கிறது, ஆள் இங்கே. ரத்தசோகை எத்தனை பேருக்கு, எத்தனை பிள்ளைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது என்று மாவட்டக் கூட்டத்தில் சதவீதம் வாசிக்கும்போது, வகுக்கும் எண்ணிலேயே இவர்கள் சேரவில்லை. சந்திரசேகரன் சொன்ன இரண்டு பட்டியல் இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன: ஆலையின் சம்பளப் பதிவேடு ஒன்று, துணைச் சுகாதார நிலையத்துப் பதிவேடு ஒன்று. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பெயர் பெயராக ஒத்துப் பார்க்க ஓர் எழுத்தரும் ஒரு செவிலியரும் போதும். ஆலை நிர்வாகம் தன் பதிவேட்டைத் தர வேண்டும், அவ்வளவே.